இன்னொரு உலகத்திலிருந்து ஓர் அம்மா

அப்பு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கரும் இல்லை, விசிலும் இல்லை. அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஒருத்திக்கு என்ன பெரிய சமையல் என்று காலையில் வாங்கிவந்த இட்லியையே மதியத்துக்கும் வைத்திருந்தேன். உனக்குச் சொல்லப் பதில் இல்லாமல் இல்லை. வாயைத் திறந்தால் பேச்சு எங்கே போய் நிற்குமோ என்று பயமாக இருந்தது. எழுதினால் நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இப்போதெல்லாம் எதைச் செய்தாலும் எனக்கு அது தேவைப்படுகிறது. எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குப் புரியாவிட்டால் கண்ணாடி மாற்று.

உன் ஆபீஸில் இருப்பவர்களும் இதைப் படிக்கட்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீ பெங்களூரில் ஒரு கம்பெனிக்குப் படக்கதை எழுதுகிறாய். வாராவாரம் போனில் வருகிறது. அதில் மின்கொடி என்று ஒருத்தி. மின்வாரியத்தில் வேலை பார்ப்பவள், எந்தக் கம்பியில் ஓடும் மின்சாரத்தையும் உடம்பில் வாங்கிக்கொள்ளக்கூடியவள், நாலு வயதுப் பெண் குழந்தைக்கு அம்மா. போன பாகத்தின் முடிவில், ஊர் எரிந்துபோகாமல் இருக்க மொத்த மின்சாரத்தையும் தான் ஒருத்தியே வாங்கிக்கொண்டு செத்துப்போனாள். படித்தவர்கள் அழுதார்கள். நானும் அழுதேன், உன்னிடம் சொல்லவில்லை. இப்போது கம்பெனியில் அவள் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். செத்தவளை எழுப்ப வேண்டாமாம். வேறோர் உலகத்தில் இன்னொரு மின்கொடி இருக்கிறாளாம், அவளைக் கூட்டிவந்து அந்த இடத்தில் நிறுத்திவிடலாமாம். மல்டிவெர்ஸ் என்று அதற்குப் பெயர். திங்கட்கிழமைக்குள் நீ சரியென்றோ முடியாதென்றோ சொல்ல வேண்டும். முடியாது என்றால் கதையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டாய்.

முதல் காட்சியையும் வாசித்துக் காட்டினாய். குழந்தை வாசலில் நிற்கிறது. மற்ற உலகத்துக்காரி தெருமுனையில் வருகிறாள். குழந்தை 'அம்மா' என்று ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறது. "இந்த இடத்துல மியூசிக்கப் போட்டுட்டா எல்லாரும் அழுதுருவாங்கம்மா" என்றாய். அந்த இடத்தில்தான் எனக்குக் குக்கர் விசில் அடித்தது.

இந்த மாதிரிக் கதைகள் எனக்குப் புதிதில்லை. திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு கருத்துச் சொல்ல வந்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். உன் அப்பா கேபிள் டிவி நடத்தினார். கம்பம் ஏறுவது, வயர் இழுப்பது, மழையில் படம் போய்விட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவது எல்லாம் அவர். எங்கள் லோக்கல் சேனலில் இன்றைக்கு என்ன படம் என்று தீர்மானிப்பது நான். சுவரைத் துளைத்துப் போகிறவன், நெருப்பை விழுங்குகிறவன், கடிகாரத்தை நிறுத்தி வைக்கிறவன் என்று வந்த அத்தனை டப்பிங் படங்களையும் நான் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரன் 'அடேய், உன்னை விடமாட்டேன்டா' என்று மதுரைத் தமிழ் பேசிக்கொண்டே பறப்பான். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையை என் மடியில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து வாய் பிளந்து பார்ப்பாய். உனக்குக் கதை சொல்லக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் யார் என்று பேட்டியில் என்னென்னவோ பெரிய பெயர்களைச் சொல்கிறாய். இருக்கட்டும், நான் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் சேனலுக்குப் பேகம்பூர் ஜமீலா அக்காவைப் போல ஒரு ரசிகை கிடையாது. அவரைப் போலக் குறை சொல்கிறவரும் கிடையாது. வளையல் கடைக்காரர், உனக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவாரே, அவர்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு படம் போட்டோம். கடைசியில் நாயகன் தம்பியைக் காப்பாற்றிவிட்டுத் தான் செத்துப்போவான். அழுது அழுது கண் வீங்கி, மறுநாள் அக்கா கடை திறக்கவே நேரமாகிவிட்டதாம். அடுத்த வாரம் அதன் அடுத்த பாகத்தைப் போட்டோம். அதே ஆள் வேறோர் உலகத்திலிருந்து வேறு சட்டை மாட்டிக்கொண்டு சிரித்தபடி வந்து நின்றான். படம் முடிவதற்குள் போன் வந்துவிட்டது.

"ஏம்மா, போன வாரம் அம்புட்டு அழுதேனே, அந்த அழுகையைத் திருப்பிக் குடுப்பியா நீ?"

"அது வேற ஆளு, அக்கா. வேற உலகத்துக்காரன்."

"மூஞ்சி அதேதான? பேரு அதேதான? தம்பிக்காரனும் அண்ணேன்னு போயி ஒட்டிக்கிட்டான். அப்ப செத்தவனுக்கு யாருதான் இருக்கா? இனிமே உன் சேனல்ல எவன் செத்தாலும் நான் அடுப்பப் பாக்கப் போயிருவேன், ஆமா."

சொன்னபடியே செய்தார். அதன்பின் வந்த படங்களில் எவன் குத்துப்பட்டு விழுந்தாலும் அக்கா எழுந்து உலை வைக்கப் போய்விடுவார் என்று அவர் மருமகள் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே இருந்தது.

யோசித்துப் பார். கதையில் ஒருவன் சாகும்போது நமக்கு ஏன் பதறுகிறது? அவனுக்குப் பதில் இன்னொருவன் கிடையாது என்பதால்தானே. ஒரு பக்கம் பாலம் இடிகிறது, இன்னொரு பக்கம் பள்ளிக்கூட வேன் தீப்பிடித்துவிட்டது, நடுவில் உன் நாயகன் திகைத்து நிற்கிறான் என்று வை. ஒரு பக்கம்தான் ஓட முடியும், மறு பக்கத்தை ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். அதனால்தான் நாமும் அவனோடு திகைக்கிறோம். வேறோர் உலகத்தில் இவனே மறு பக்கம் ஓடியிருக்கிறான், அங்கே எல்லாரும் பிழைத்துவிட்டார்கள் என்று நீ சொன்ன உடனே அந்தத் திகைப்புக்கு மரியாதை போய்விடுகிறது. இது போதாதென்று வில்லனைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறீர்கள். முதலில் ஊரை அழிக்க வந்தான், பிறகு உலகத்தை, இப்போது இருக்கிற அத்தனை உலகங்களையும். ஒரு தெரு எரிகிறது என்றால் எனக்குத் தெரிந்த நாலு வீடு கண்ணில் வரும். எல்லா உலகமும் அழிகிறது என்றால் கொட்டாவிதான் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே, உன் வயதுக்காரர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

அதற்காக இந்தச் சங்கதியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நன்றாகச் செய்த ஒன்றும் பார்த்திருக்கிறேன். பெயர் மறந்துவிட்டது. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி சுவரில் ஒரு சின்ன வெடிப்பு வழியாக இன்னோர் உலகத்தைப் பார்க்கிறாள். அங்கே அவன் உயிரோடு இருக்கிறான், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறான், இவளைப் போலவே ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள். இவள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெடிப்பைப் பூசி மூடிவிட்டு, இடுப்பில் சொருகிய முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால் வெளிச்சம் நம் வாசல் வரைக்கும் வரும், ஆனால் அது நம் வீட்டு விளக்கு ஆகாது, அதைப் போல. பார்க்க மட்டும் முடிகிறபோது அவன் போனது இன்னும் அதிகமாகத் தெரிந்தது. கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் அந்த இன்னோர் உலகம் வெறும் உதிரிபாகக் கடை ஆகியிருக்கும்.

இதுவரைக்கும் படம் பார்த்தவளாக எழுதினேன். இனி எழுதப் போவது நாம் இரண்டு பேரும் இத்தனை வருஷமாகத் தொடாமல் சுற்றிப் போன இடம். பிறத்தியார் முன் சொல்கிறேனே என்று வருத்தப்படாதே, ஊருக்கே தெரிந்ததுதான். நான் உன்னைப் பெற்றவள் இல்லை. உன்னைப் பெற்றவள் என் அக்கா தனலட்சுமி. நாங்கள் தனம் என்று கூப்பிடுவோம். உனக்கு நாலு வயது நடக்கும்போது காய்ச்சலில் விழுந்தாள், ஒரு வாரம்கூட இருக்கவில்லை. உன் மின்கொடியின் குழந்தைக்கு நீ ஏன் நாலு வயது வைத்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கே தெரியாமலும் இருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு மூத்தவள் போய்விட்டால் இளையவளைக் கேட்பார்கள். வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாளா என்ற கவலை. நியாயமான கவலைதான். பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்கள் ஊரான கீரனூரிலிருந்து வந்திருந்த என் அப்பாவிடம் உன் பெரிய அத்தை, அதாவது உன் அப்பாவின் அக்கா, பந்தலிலேயே பேச்சை எடுத்தார். என் அப்பா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெரியவ எடத்துக்குச் சின்னவளைக் குடுக்கறனுங்க. பையனுக்கு ஆத்தா வேணுமுங்க" என்றார். நான் உள்ளே பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டேன். நீ என் காலடியில் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாய்.

வழக்கத்தைக் குறை சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதற்குமேல் உன் அத்தை ஒரு வேலை செய்தார். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதை நீ பார்த்திருந்தாய். அவளைத் திரும்பக் கொண்டுவந்தபோது உன்னைப் பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலோ விட்டிருந்தார்கள். காரியம் நடந்த அன்றும் உன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சித்தி என்று என்னை நீ அதிகம் பார்த்ததும் இல்லை. பழனியில் வைத்து உன் அப்பா தாலி கட்டி என்னைத் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்த அன்று, அத்தை அக்காவின் புடவையை எனக்குக் கட்டிவிட்டு, அவளைப் போலவே வகிடு எடுத்துத் தலை வாரிவிட்டு, உன்னைத் தூக்கிவந்து வாசலில் இறக்கிவிட்டார்.

"ஏலே அப்பு, அம்மா ஆசுபத்திரியில இருந்து வந்துருச்சு பாரு. போ, போயிக் கட்டிக்க."

நீ ஓடி வந்து கட்டிக்கொண்டாய். சுற்றி நின்ற அத்தனை பேரும் அழுதார்கள். நீ எழுதியிருக்கிற காட்சிக்கு மியூசிக் எல்லாம் வேண்டாம் அப்பு. நான் அதற்குள்ளே நின்றிருக்கிறேன்.

மறுநாளே நீ கண்டுபிடித்துவிட்டாய். உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். "வாயத் தொறங்க சாமி, இன்னொரு வாய் வாங்கிக்கங்க" என்றேன். கீரனூர்ப் பக்கம் பிள்ளைகளிடம் அப்படித்தான் பேசுவோம். நீ வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தாய். "எங்கம்மா இப்பிடிப் பேசாது" என்றாய். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அந்த அம்மா எப்ப வரும்?" என்றாய். அடுப்படியிலிருந்து உன் அத்தை, "அதே அம்மாதாண்டா இது. காய்ச்சல்ல தொண்டை மாறிப்போச்சு" என்றார். அக்காவும் கீரனூரில் பிறந்தவள்தான், ஆனால் இங்கே வாழ்ந்து இந்த ஊர்ப் பேச்சுக்கு வந்திருந்தாள். அவளுக்கு அதற்கு வருஷங்கள் கிடைத்தன. எனக்கு ஒரு மத்தியானம் கிடைத்தது. சாயங்காலம் உன்னைக் கடைக்குத் தூக்கிப் போகும்போது "செத்த நேரம் இரு, வாரேன்" என்று இந்த ஊர்க்காரர்களைப் போலச் சொல்லிப் பழகிக்கொண்டேன். நீ அதன்பிறகு கேட்கவில்லை.

உன் கதைக்கு வேண்டியது இதற்கு அடுத்து நடந்ததுதான். அந்த வீட்டில் அதன்பிறகு யாரும் அவளுக்காக அழவில்லை. அவள் படத்தைச் சுவரில் மாட்டவில்லை, மாட்டினால் நீ கேட்பாய். அவள் பெயரைச் சொல்லிப் பேசவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், மூக்கும் முழியும் அவளாகவே இருந்தது, "அப்பிடியே தனமேதான்" என்று தாடையைத் தொட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு ஆறிவிட்டது. எனக்கு அக்கா செத்துப்போயிருந்தாள். என்னோடு ஒரே பாயில் படுத்தவள், எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவள். நான் போய் யாரிடம் அழுவது? அவள்தான் நான் என்று ஆகிவிட்ட வீட்டில் அவளுக்காக நான் அழுதால் பைத்தியம் என்பார்கள். ஆத்திரம் ஆத்திரமாக வரும். பாத்திரம் தேய்த்துத் தீர்த்துக்கொள்வேன்.

இந்த ஊரில் என்னிடம் பெயர் கேட்டது ஜமீலா அக்கா ஒருவர்தான். கேபிள் சரியாகத் தெரிகிறதா என்று விசாரிக்க அவர் கடைப் பக்கம் போயிருந்தேன். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க அக்காவுக்கு நான்தாம்மா வளையல் போட்டுவிடுவேன். அவ அளவு உனக்குக் கழண்டு விழுந்துரும். உன் பேரு என்னம்மா?" என்றார். சொன்னேன். என் பெயர் எனக்கே யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி கேட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் கடையில் இருந்தவர்களை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உங்கள் கதைகளில் இன்னொன்றையும் யாரும் கேட்பதில்லை. ஒருத்தியைக் கூட்டிவந்துவிடுகிறீர்களே, அவள் விட்டுவிட்டு வந்த உலகம் என்ன ஆகிறது? நான் காந்திகிராமத்தில் படித்துக்கொண்டிருந்தேன். செடிகொடிகளைப் பற்றிய படிப்பு. முதல் வருஷம் முடியவில்லை. அக்காவுக்கு ரொம்ப முடியவில்லை என்று ஆள் வந்து கூப்பிட்டபோது ஹாஸ்டல் கொடியில் என் பாவாடை தாவணி ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்தால் எடுத்து வை என்று அறையில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு வந்தவள், திரும்பிப் போகவே இல்லை. அந்த உலகத்தில் செத்துப்போனவள் நான்தான். எனக்கு அங்கே யாரும் பதினாறாம் நாள் காரியம் செய்யவில்லை. உன் இன்னொரு மின்கொடிக்கு அவளுடைய உலகத்தில் ஒரு குழந்தை இருக்காதா? அது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்காதா? அந்தக் குழந்தைக்கு எந்த உலகத்திலிருந்து அம்மாவைக் கொண்டுவருவாய்?

உன் அப்பாவைத் தப்பாக நினைத்துவிடாதே. அவர் என்னை அதட்டிக்கூடப் பேசியதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'இந்தா', 'ஏம்மா' என்றே காலத்தை ஓட்டிவிட்டார். எந்தப் பெயர் வாயில் வந்துவிடுமோ என்ற பயம்தான் என்று நினைக்கிறேன். படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் "தனம்" என்று கூப்பிட்டார். நான் "என்னங்க" என்று போனேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். யாரைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை, கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது.

உனக்கு எப்போது தெரிந்தது என்பது எனக்குத் தெரியும். நீ பத்தாவது படிக்கும்போது ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ உறவுக்காரர் எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லிவிட்டார். நீ வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாய். கடைசியில், "பசிக்குதும்மா. என்ன வெஞ்சனம்?" என்றாய். அந்த 'அம்மா'வைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாய். உன்னை விட்டுவிட மாட்டேன் என்று எனக்குச் சொல்கிறாய் என்று புரிந்தது. அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கும் நாம் அவளைப் பற்றிப் பேசவில்லை. கத்தரிக்காய்க் கூட்டு என்றேன், உட்கார்ந்து சாப்பிட்டாய்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வா என்று சொல்ல மாட்டேன். நீ விட்டால் வேறொருவன் எழுதுவான். அவன் குழந்தையை ஓடவிட்டு, மியூசிக் போட்டு, முதல் பக்கத்திலேயே செத்தவளை இன்னொரு தடவை சாகடித்துவிடுவான். நீயே எழுது. கூட்டி வா அவளை. ஆனால் குழந்தை ஓட வேண்டாம், தள்ளியே நிற்கட்டும். 'நீ யாரு?' என்று கேட்கட்டும். வந்தவளுக்கு வேறு பெயர் வை. வேறு மாதிரிப் பேசட்டும், குழந்தை எதிர்பார்க்கிற பாட்டு அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும். ஊர்க்காரர்கள் அவள் தாடையைத் தொட வரும்போது 'நான் அவள் இல்லை' என்று சொல்லிவிடட்டும். மின்கொடியைப் புதைத்த இடத்துக்கு இரண்டு பேரையும் ஒன்றாக அழைத்துப் போ. குழந்தை அங்கே அழுது முடிக்கிற வரைக்கும் கதையை நகர்த்தாதே. எத்தனை வாரம் ஆனாலும் சரி. அப்படிச் செய்தால் செத்தவள் செத்தவளாகவே இருப்பாள், அவள் கொடுத்த உயிருக்கு விலை இருக்கும். வந்தவளும் தனி ஆளாக நிற்பாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று படிக்கிறவர்கள் மறுபடியும் பதறுவார்கள். உன் கம்பெனிக்கு வேண்டியதும் அதுதானே? இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டோம் என்றால் அப்போது முடியாது என்று சொல். வேலை போனால் போகட்டும், இங்கே கம்பம் ஏற ஆள் இல்லாமல் அல்லாடிக்கொண்டிருக்கிறேன்.

இனி நான் கேட்கப் போவது. போன ஆடி அமாவாசைக்கு உன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க அணைப்பட்டிக்குப் போனோம். வைகைக் கரையில் நல்ல கூட்டம், ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஐயர் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துப் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வேகமாகப் போனார். நான் உனக்குப் பின்னால் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா பெயரைச் சொன்னாய். தாத்தா பெயரைச் சொன்னாய்.

"தாயார் இருக்காங்களா?" என்றார்.

நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "இருக்காங்க" என்றாய்.

"அப்ப பாட்டியில இருந்து சொல்லுங்க" என்று அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

எனக்காகத்தான் சொன்னாய். என் மனசு நோகக் கூடாது என்றுதான் சொன்னாய். அது தெரியாமல் இல்லை. ஆனால் என் அக்காவுக்கென்று ஒரு கை எள்ளும் தண்ணீரும் அந்தப் பதினாறாம் நாளுக்குப் பிறகு யாரும் விட்டதில்லை அப்பு. முதல் வருஷம் திதி வந்தபோது உன் அப்பா லேசாகப் பேச்செடுத்தார். "அம்மாக்காரி வீட்டுல குத்துக்கல்லாட்டம் இருக்கையில அம்மாவுக்கு எப்பிடிடா திதி குடுக்கிறது? பிள்ளை என்ன நெனப்பான்?" என்று உன் அத்தை அடக்கிவிட்டார். அதுவே பழகிவிட்டது. இப்போது அத்தையும் இல்லை, உன் அப்பாவும் இல்லை, எங்களைப் பெற்றவர்களும் இல்லை. அவளுக்கு நீ ஒருவன்தான். என் உடம்பு இருக்கிற இருப்பில், நாளைக்கு நானும் போய்விட்டால், தாயார் பெயர் என்ன என்று கேட்கிற இடத்தில் நீ என் பெயரைச் சொல்வாய். அதோடு அவள் எந்த உலகத்திலும் இல்லாமல் போய்விடுவாள். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

புரட்டாசியில் மகாளய அமாவாசை வருகிறது. லீவு போட்டுவிட்டு வா. உன் கம்பெனிக்கு நீ என்ன சொன்னாலும் அது உன் இஷ்டம், இது ஒன்றை எனக்காகச் செய். எனக்கு வருத்தமாக இருக்குமோ என்று யோசிக்காதே. இருக்கத்தான் செய்யும். நீ அவளுக்குத் தண்ணீர் விடும்போது நான் அவள் தங்கையாக நின்று, வாய்விட்டு அழுதுகொள்கிறேன். நீயும் அழு, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எல்லாம் முடிந்து கரையேறி வந்து என்னை அம்மா என்று கூப்பிடு. அன்றைக்குக் கூப்பிடுவது அவளுக்குச் சேர வேண்டியதாக இருக்காது, எனக்கே எனக்கென்று கூப்பிடுவதாக இருக்கும். அதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருக்கிறேன் என்பதே இதை எழுதும்போதுதான் எனக்குத் தெரிகிறது.

ஐயர் அதே கேள்வியைத்தான் கேட்பார். நான் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். இந்தத் தடவை திரும்பி என் முகத்தைப் பார்க்காதே. இல்லை என்று சொல். தனலட்சுமி என்று சொல்.